வளைவில் ஏறிய விசை

அப்போது நான் விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. வருடம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை. செய்தது மட்டும் நிற்கிறது.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டி அட்டைகளுக்கு அச்சு செய்யும் பட்டறை ஒன்று. சீசன் நெருங்கியிருந்தது. அட்டையில் மயில் புடைத்துத் தெரிய வேண்டுமென்றால், எஃகுக் கட்டியில் வளைவு வளைவாகப் பள்ளம் குடைய வேண்டும். குடைகிற கட்டர் மெல்லியது, அடிக்கடி முறிந்தது. அதன்மீது எவ்வளவு விசை விழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, ஓட்டும் வேகத்தைச் சொல்லும்படி முதலாளி என்னை அழைத்தார்.

மிஷினை ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். மிஷின் தானாகத்தான் குடையும்; வளைவு வந்ததும் அவர் வேகக் குமிழில் கைவைத்துக் கொஞ்சம் குறைப்பார். அதனால்தான் வேலை இழுக்கிறது என்பது முதலாளியின் குறை. நான் கணக்குப் போட்டுக் கொடுத்து, குமிழைத் தொட வேண்டாம் என்றேன்.

“வளைவுல ஒரு முனகல் கேக்கும் சார். அப்பக் கொஞ்சம் அடக்குனாத்தான் போகும்.”

“கணக்குல எல்லாம் இருக்கு.”

“உங்க கணக்குக்குக் காது இருக்கா சார்?” என்று சிரித்தார். ஆனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மயிலின் கழுத்தில் கட்டர் முறிந்து, அச்சை ஆழமாகக் கீறிவிட்டது. பல நாள் வேலை வீண்.

முதலாளி ஓடிவந்தார். “ஏலே, திருகாதன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்? கை சும்மா இருக்காதோ?”

“நான் தொடவே இல்ல மொதலாளி. சார் பாத்துக்கிட்டுத்தான இருந்தாக.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் பேப்பரைப் பாத்துக்கிட்டிருந்தேன். கவனிக்கல” என்றேன்.

பொய். அவருடைய கட்டிய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணக்கைத் திரும்பப் போட்டேன். நேராகப் போகையில் கட்டரின் ஓரம் கொஞ்சம்தான் எஃகைக் கடிக்கும். உள்வளைவில் திரும்பும்போது கடிக்கும் பகுதி கூடிவிடும்; விசை ஏறும். நான் பள்ளம் முழுவதையும் நேர்கோடாகவே வைத்துக் கணக்கிட்டிருந்தேன். அவர் காதால் அறிந்தது அந்த ஏற்றத்தைத்தான்.

இரண்டு வாரம் கழித்து விஸ்வநத்தத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மட்டும் இருந்தார். பட்டறைக்குக் கணக்குப் போட வந்த கல்லூரிக்காரன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க சார். அவுக ஏழாயிரம்பண்ணைக்குப் பட்டாசு வேலைக்கு வேன்ல போயிட்டாக. பழைய கம்பெனியில கூப்பிட்டு விட்டாகளா?”

சட்டைப்பையில் சரியான கணக்கு இருந்தது. அதை முதலாளியிடம் காட்டியிருந்தால் கூப்பிட்டிருப்பார்.

“இல்லம்மா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்.”

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்தக் கணக்கை ஓய்வு பெறும்வரை வகுப்பில் நடத்தினேன். முதலாளியிடம் மட்டும் காட்டவில்லை.