கோட்டை ஆட்டம்: திருத்திய பதிப்பும் திட்டியவர்களும்

வாடகைப் புத்தகக் கடை நடத்துபவன், யார் யாரோ எழுதியதற்கெல்லாம் திட்டு வாங்குவான். போதாக்குறைக்கு நானே ஒன்றை எழுதி, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில், பாகலூர் போகும் சாலையில் என் கடை. பெங்களூர் நடைபாதையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் விசித்திரமான ஆட்டம் ஒன்று இருந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக்கொள்ள வேண்டும். ஒருவர் கதை சொல்வார். "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். தட்டிய கதவு திறந்ததா, ஓடியவர் தப்பினாரா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் பக்கத்து மலைக்கோட்டை ஒன்றை மனதில் வைத்து அதேபோல நானும் தமிழில் எழுதினேன். சனிக்கிழமை மதியம் கடையின் பின்னறையில் ஆட்டம். கதை சொல்வது நான். ஆடுபவர்கள் மூன்றே பேர்.

மூவருக்கும் கம்பெனி வேலை. ஷிப்ட் மாறினால் ஒருவர் வரமாட்டார். ஒருவர் வராவிட்டால் ஆட்டம் கிடையாது. இப்படியே போனால் பின்னறையில் பழைய பேப்பர்தான் அடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்து, விதிகளைத் திருத்தி இரண்டாம் பதிப்பு எழுதி, ஜெராக்ஸ் போட்டுக் கையில் கொடுத்தேன். எதையாவது நல்லதுக்கென்று திருத்தி அதற்குப் பாராட்டும் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

யார் ஜெயித்தது?

வார இதழ் மாற்ற வந்த ஒரு வாடிக்கையாளர் பின்னறை வாசலில் நின்று ஆட்டத்தை வெகு நேரம் பார்த்தார். கோட்டை வாசலில் சண்டை உச்சத்தில் இருந்தது. கடைசியில் என்னிடம் வந்து, யார் ஜெயித்தது என்று கேட்டார். இதில் யாரும் ஜெயிப்பதில்லை, கதை போய்க்கொண்டே இருக்கும், போன வருடத்திலிருந்து போகிறது என்றேன். புதிய பதிப்பையும் பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆட்டமே முடியலைங்கறீங்க, அதுக்குள்ள என்னாத்துக்குங்க சட்டத்தை மாத்தனீங்க?"

ஆறு மட்டும் விழும் பகடை

ராஜேந்திரன் நாகரசம்பட்டிக்காரர், கம்பெனியில் கருவிகள் கடையும் டூல் ரூமில் வேலை. ஆட்டத்தில் அவர்தான் வீரன். கடையில் வாங்கிய பகடைமேல் நம்பிக்கை இல்லாமல் கழித்துப்போட்ட இரும்பில் தன் வீரனுக்கென்று தானே ஒன்று செய்துகொண்டு வந்தார். பளபளவென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் புள்ளிகளை ஆசை ஆசையாக ஆழத் துளைத்துவிட்டார். ஆறு துளை போட்ட பக்கம் லேசாகிவிட்டதால் அதுவே பெரும்பாலும் மேலே வந்து நின்றது. முதல் பதிப்பில் சின்ன எண்தான் நல்லது. ஆகவே வீரன் போகிற இடமெல்லாம் உதை வாங்கினான். பகடையை மாற்றச் சொன்னால், தன் கைவேலையைக் குறை சொல்கிறோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

புதிய பதிப்பில், பெரிய எண் விழுந்தால்தான் வெற்றி என்று மாற்றினேன். கூட்டிப் பார்க்கச் சுலபம் என்பதைத் தவிர வேறு உள்நோக்கம் சத்தியமாக இல்லை. அதை வைத்து ஆடிய முதல் நாளே ராஜேந்திரனின் வீரன் காவல்காரர்களை வாழைத்தண்டு மாதிரி வெட்டிச் சாய்த்தான். ஆட்டத்தில் திருடனாக வரும் மஞ்சுநாத்துக்குப் பொறுக்கவில்லை. அவர் பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஜெராக்ஸ் தாள் வேண்டாமென்று சுருட்டி என் முன்னால் வைத்தார்.

"பேடா சார், நங்கே இந்த புக் பேடா. அவன் பகடைய மாத்த முடியாம நீங்க சட்டத்தையே மாத்திட்டீங்க!"

வைத்தியருக்குக் கத்தி

மூன்றாவது ஆள் செல்வி. திருநெல்வேலிப் பக்கம். கணவரோடு நாவல் எடுக்க வந்தவர். கணவர் ஒரு முறை ஆடிப் பார்த்து ஓடிவிட்டார், இவர் தங்கிவிட்டார். ஆட்டத்தில் வைத்தியர். பழைய விதிப்படி சண்டை முடிகிறவரை வைத்தியர் சும்மா இருக்க வேண்டும், பிறகுதான் கட்டுப்போட அழைப்பார்கள். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். அதனால் புதிய பதிப்பில் வைத்தியருக்கும் ஒரு கத்தி கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கத்தி எதற்கு என்று கேட்டார். சண்டை போடத்தான் என்றேன்.

"அண்ணாச்சி, கம்பெனி லைன்ல நாள் முழுக்க வாயத் தொறக்காம வயர் மாட்டிக்கிட்டு இருக்கேன். எனக்குக் கத்தி எதுக்கு, பேசுததுக்கு ஒரு விதி போடுங்க!"

போட்டேன். ஜெராக்ஸ் தாளின் ஓரத்திலேயே பேனாவால் எழுதினேன்: வைத்தியர் பேசிப் பார்க்கலாம், எதிராளி இணங்கினானா என்பதைப் பகடை சொல்லும். உடனே செல்வி கோட்டை வாசல் காவல்காரனிடம், உன் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவனுக்குப் பிள்ளை இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. பகடை நன்றாக விழுந்தது, கதவு திறந்தது. ஒரு வருடமாக மூன்று பேரும் மோதிக்கொண்டிருந்த கதவு அது. மஞ்சுநாத் மெதுவாகக் கைநீட்டித் தன் ஜெராக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இந்த ஒரு பக்கம் மட்டும் ஓகே சார்."

ரிலீவர்

நான் பெரிதும் நம்பியிருந்த விதி கடைசிப் பக்கத்தில் இருந்தது. கம்பெனியில் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பேற்காமல் மிஷினை விட்டு நகர முடியாது. அப்படி வருபவர்தான் ரிலீவர். அதையே ஆட்டத்திலும் வைத்தேன். ஒருவர் வராத வாரம், அவருடைய பாத்திரத்தை வந்திருப்பவரில் ஒருவர் சேர்த்து ஆடலாம். இனி ஷிப்டுக்காக ஆட்டம் நிற்காது. இதற்காவது கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ராஜேந்திரன் எழுந்தே நின்றுவிட்டார்.

"மிஷினு கம்பெனியோடது ண்ணா, எவன் வேணா ஓட்டட்டும். வீரன் என்னோடவன். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டன்."

சிறைக்குள் ஒருவன்

அடுத்த வாரமே ராஜேந்திரனுக்கு, மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிப்ட். இருப்பது இரண்டு பேர். விதியைக் கைவிட்டால் ஆட்டம் நிற்கும்; கடைப்பிடித்து வீரன் செத்தால் ராஜேந்திரன் வரமாட்டார், ஆட்டம் அடியோடு போகும். நான் விழித்துக்கொண்டிருக்கையில் செல்வி, "நான் பத்திரமாப் பார்த்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று வீரனை ஏற்றுக்கொண்டார். கோட்டைக்குள் நுழைந்ததும் காவலர்கள் வளைத்துக்கொண்டார்கள். ராஜேந்திரனின் இரும்புப் பகடை அவரோடு போய்விட்டது; கடைப் பகடையைப் போட்டால் எல்லாம் சின்ன எண்ணாகவே விழுந்தது. இன்னொரு வெட்டு விழுந்தால் வீரன் காலி. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

மஞ்சுநாத்தின் திருடன் அப்போது மேலே ஜன்னலில், கஜானா மூட்டையோடு தப்பிக்கத் தயாராக இருந்தான். ஒரு வருடத்தில் எவனுக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. மஞ்சுநாத் செல்வியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நான் கீழ எறங்கிட்டேன் சார். கஜானாவ எடுத்தது நான்தான், என்னப் புடிங்கன்னு கத்தறேன்" என்றார். காவலர்கள் திரும்பினார்கள். வீரன் தப்பினான், திருடன் சிறைக்குப் போனான்.

அதற்கடுத்த வாரம் ராஜேந்திரன் முதல் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேரே வந்தார். இப்போது மஞ்சுநாத்துக்கு இரண்டாம் ஷிப்ட். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், திட்டுக்குத் தயாராக. அவர், சிறைக்குள் திருடனை அடிக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"மஞ்சு வர்ற வரைக்கும் அந்தத் திருடனையும் நானே பாத்துக்கறன் ண்ணா. ஒரு கீறல் இல்லாம அவங்கிட்ட ஒப்படைக்கணும், சொல்லுங்க, ஜெயிலுக்குக் காவல் எத்தினி பேரு?"

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து விதி எழுதியவன் நான் என்றாலும், அதற்காக என்னைத் திட்டியவர்கள்தான் அதை எனக்குச் சரியாகப் புரியவைத்தார்கள்.