காலுறை போர்த்திய பெட்டி

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் படுக்கையறைக் கதவு நிலையில் விரல் நீளத்தில் ஒரு பெட்டி இருந்தது. நாலு மாதமாக அதை ஒட்டுக்கேட்கும் மைக் என்று நம்பியிருந்தேன்.

சிரிக்காதீர்கள். கனடாவில் அகதிக் கேஸ் நடக்கிறவனுக்கு எல்லாமே மைக்தான். கேஸ் வென்றால்தான் மட்டக்களப்பிலிருந்து வசந்தியைக் கூப்பிடலாம். வசந்தி, என் மனைவி.

போதாக்குறைக்கு, சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நண்பர் வேறு ஓதிவிட்டார்.

"அண்ணை, கேஸ் முடியுமட்டும் வாயைக் கவனமா வைச்சிருங்கோ. ஆர் கேக்கினமெண்டு தெரியாது."

அவர் பொதுவாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து நிலையைப் பார்த்தேன்... சரிவாக, இரண்டு ஸ்க்ரூவோடு, பெட்டி என்னையே பார்த்தது. மைக் இல்லாமல் வேறென்ன?

ஒரு கம்பளிக் காலுறையை மடித்து அதன்மேல் வைத்து டேப் ஒட்டினேன். அப்படியும் நம்பிக்கையில்லை. அதனால் வசந்தியோடு போனில் வானொலிச் செய்தி வாசிக்கத் தொடங்கினேன். "கனடா மிக நல்ல நாடு. மெட்ரோ நேரத்துக்கு வருகிறது. சட்டத்தை எல்லோரும் மதிக்கிறோம்."

வெளியே போய்க் கதைக்கலாமே என்பீர்கள். மைனஸ் இருபதில் வாயைத் திறந்து பாருங்கள்!

வசந்தி ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு கேட்டாள்.

"இஞ்சருங்க, பக்கத்தில ஆரும் இரிக்காளா?"

"இல்ல புள்ள, சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் பயந்து பயந்து கதைக்கீங்க?"

காரணத்தைச் சொன்னால் மைக்குக்குக் கேட்கும். இருமினேன். போனை வைத்துவிட்டாள். தினமும் வந்த அழைப்பு, வாரம் ஒன்றாகச் சுருங்கியது.

சென்ற ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. தாடி, தலையில் சின்னத் தொப்பி, கையில் ஸ்க்ரூடிரைவர். அதிகாரிதான், முடிந்தது கதை! கேஸ் பேப்பர்களை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். எனக்கு முன் இந்த வீட்டில் இருந்தவராம். இப்போது நகரத்தின் மறுகோடியில், இல்-பிசாரில், மகனோடு. போகிற அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாராம்.

நேரே படுக்கையறை நிலைக்குப் போனார். டேப்பை உரித்தார். காலுறை விழுந்தது. பெட்டியைத் தொட்டு, தொட்ட விரல்களை முத்தமிட்டார்.

மைக்குக்கு முத்தம் கொடுக்கும் அதிகாரியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அவருடைய அரை ஆங்கிலத்திலும் என் அரைப் பிரெஞ்சிலும் விளங்கியது இவ்வளவுதான் — அவர் கசாபிளாங்காவில் பிறந்த யூதர். பெட்டிக்குள் இருப்பது தோலில் எழுதிய பிரார்த்தனை. அதை நிலையில் பதிப்பது அவர்கள் வழக்கம்.

எங்கள் கட்டடத்தில் ஹெய்ட்டிக்காரர் வாசலில் சிலுவை. லெபனான்காரர் வாசலில் அரபியில் ஒரு வசனம். என் வாசலில் லட்சுமி ஸ்டிக்கர். என் வாசலில் ஒட்டினால் சாமி, இன்னொருவர் பதித்துவிட்டுப் போனால் மைக்... எப்படியிருக்கிறது என் நியாயம்?

"காலுறை எதற்கு? அதற்குக் குளிருமென்றா?"

உண்மையைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அப்படியானால், நாலு மாதமாக மனைவியிடம் சொல்லாமல் விட்டது என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே காலை என்றால் மட்டக்களப்பில் இரவுச் சாப்பாட்டு நேரம். உடனே எடுத்தேன்.

"வசந்தி, கட்டில்ல சுவர்ப்பக்கத்த ஒனக்கெண்டு விட்டுட்டுத்தான் படுக்கன். வந்த நாளிலயிருந்து."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"கேக்குதா புள்ள?"

"கேக்குது. இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். கேஸுக்கு இன்னும் திகதி வரவில்லை.