குப்பை என்று நான் அழிக்கப் போன ஃபைல்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த திமிர் எனக்கு உண்டு. அதனால் வர இருந்த வினையைச் சொல்கிறேன்.

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்தது பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில்தான் என் மதினி, திராட்சை விவசாயிகளைப் பற்றிய எம்.ஃபில் ஆய்வை இங்கிலீஷில் அடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

சனிக்கிழமை அவர் சேவ் செய்யும்போதே கரண்ட் போய்விட்டது. திரும்ப ஆன் செய்தால், டிஸ்க்கைச் சரிபார்க்கும் ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடியது, ஆய்வைக் காணோம். போதாக்குறைக்கு டிஸ்க்கில் இடமும் இல்லை.

"அழுகாதீக மதினி. இடம் பண்ணித் தாரேன், மறுபடி அடிச்சுருவம்" என்று உட்கார்ந்தேன்.

சி டிரைவில் சிஹெச்கே என்று முடியும் ஃபைல்கள் வரிசையாகக் கிடந்தன. ஸ்கேன்டிஸ்க் போட்ட குப்பைதானே என்று மொத்தமாக செலக்ட் செய்து, ரீசைக்கிள் பின்னுக்கும் போகாதபடி ஷிஃப்டோடு டெலிட்டை அழுத்தினேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்டது.

"அதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார் மதினி.

"ஒண்ணுமில்ல, குப்பை."

"தொறந்து பாத்தீகளா கொழுந்தனாரே, இல்ல பேரப் பாத்தே சாதகம் சொல்றீகளா?"

ரோஷத்தில் 'நோ' கொடுத்து, பெரிய ஃபைல் ஒன்றை வேர்டில் திறந்தேன். முதலில் வெறும் கிறுக்கல். கீழே இறங்கினால் சுருளிப்பட்டித் தோட்டம், விளைச்சல், விலை என்று மதினியின் ஆய்வு அப்படியே இருந்தது. கரண்ட் போனதில் சிதறியதை ஸ்கேன்டிஸ்க் வேறு பெயரில் எடுத்து வைத்திருக்கிறது!

"கையை எடுங்க!" என்று மதினி என்னை நாற்காலியிலிருந்தே எழுப்பிவிட்டார்.

இப்போது யார் கம்ப்யூட்டரில் இடம் பண்ணப் போனாலும், சமீபத்தில் எதுவும் காணாமல் போனதா என்று முதலில் கேட்கிறேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அழிக்கிறேன். அவசரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.