தண்ணீரோடு சேர்ந்த உயில்

புதுச்சத்திரத்துப் பத்திர எழுத்தர் மருதாசலத்துக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிவிடுவார். ஒரு கிரயப் பத்திரத்தின் நடுவில் ‘மாட்டை அவுத்து நிழல்ல கட்டு’ என்றிருந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. அவருக்கு ரோஷம் வந்ததே தவிரப் பழக்கம் மாறவில்லை.

சென்னிமலை படுத்த படுக்கையில் உயில் சொன்னபோதும் எழுதியவர் இவர்தான். அசலை இவரிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார். மகன்கள் பெரியசாமியும் சின்னுசாமியும் சேலத்துக் குமாஸ்தா ஒருவரைக் கூட்டிவந்து நகல் எடுத்தார்கள். ‘கிணத்துமேட்டுக் காடு சாமிக்கு’ என்றது நகல். எந்தச் சாமிக்கு? நான்தான் என்றார் பெரியவர், நான்தான் என்றார் சின்னவர். அந்தப் புன்செய்க் காட்டிலேயே சாளைக் குடிசை போட்டுக் குடியிருந்த விதவைத் தங்கை சௌந்திரத்தைக் காலி செய்யச் சொல்வதில் மட்டும் இருவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அவளுடைய வக்கீல் அசலைக் கேட்டு மனுப்போட்டார். 1934 ஆடியில் நாமக்கல் முன்சீப் கோர்ட்டிலிருந்து மருதாசலத்துக்குச் சம்மன் வந்தது. மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உயிலில் வெட்கக்கேடான ஒரு வரி இருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தார். எழுதியதை அழிக்கக் கை வரவில்லை.

முன்சீப் அசலை உரக்கப் படித்தார். “கிணத்துமேட்டுக் காடு சாமிக்கு. சாமி, கொஞ்சம் தண்ணி கொண்டா.”

கோர்ட்டே சிரித்தது. தேவையில்லை என்று நகலில் குமாஸ்தா விட்டுவிட்ட வரி அது. மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். முன்சீப் மட்டும் சிரிக்காமல், தண்ணீர் கொண்டுவந்தது யார் என்று அவரிடம் கேட்டார்.

“சௌந்திரந்தானுங்க. பையனுக ரெண்டு பேரும் அன்னைக்கு எடப்பாடிச் சந்தைக்குப் போயிட்டாங்க. ஊட்டுல அந்தப் புள்ள மட்டுந்தானுங்க இருந்துச்சு.”

அப்பன் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று அண்ணன்மாரைக் கேட்டார் முன்சீப். ‘பெரியவனே, சின்னவனே’ என்றுதான் என்று இருவரும் யோசிக்காமல் சொல்லிவிட்டு, பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் கொண்டுவந்த சாமி மகள்தான், காடு சௌந்திரத்துக்கே என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் மருதாசலத்திடம் வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

“ஏனுங்க, அப்பன் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க.”

அவர் சொன்னார், ஓர் எழுத்து விடாமல்.

“இதா வாரேனுங்கப்பா” என்றாள் சௌந்திரம், யாருமில்லாத பக்கம் பார்த்து.

மருதாசலத்தின் கை, காதில் செருகியிருந்த பென்சிலைத் தேடிப் போனது.