மண்ணெண்ணெயில் கழுவிய செயின்

நேற்று பல்லடம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியின் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அந்த வருடம் அப்பா மழையில் சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். தன் மோட்டார் சைக்கிளை அம்மா துடைக்கக்கூட விடாதவர் அவர். இரண்டு மாதமாக அது சேறும் கிரீஸும் இறுகிப்போய் வாசலில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, "ஏனுங்க, நானே கழட்டிக் கழுவட்டுங்களா?" என்று கேட்டாள்.

அப்பா தலையைத் தூக்கி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு, "கழட்டற வரிசையிலயே பேப்பர் மேல வெச்சுக்க" என்றார்.

செயினையும் கார்புரேட்டரையும் அம்மா பழைய தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினாள். அவள் பனியன் கம்பெனியில் டைலர் என்பதால் வீட்டில் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை. வெள்ளைத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்துகொண்டே இருந்தது: "கண்ணிக்கு நடுவுல இன்னும் அழுக்கு இருக்குது பாரு."

மாலையில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அம்மா கிக்கரை உதைத்தாள். நான்காவது உதையில் வண்டி உறுமியது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குதுங்களாப்பா?" என்றேன்.

"இல்ல கண்ணு" என்றார், திரும்பாமலே. "உங்கம்மாவ ஓட்டவும் பழகச் சொல்லு."

கால் முழுக்கச் சரியாகி அவர் வேலைக்குக் கிளம்பிய அன்று, அதற்குள் ஓட்டப் பழகியிருந்த அம்மா சாவியை நீட்டினாள். அப்பா அதை வாங்கவில்லை.

"நீயே ஓட்டு, சரசு" என்று சொல்லிவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.