சவுண்ட்காரருக்குப் போர்த்திய பொன்னாடை

அப்பாவிடம் ஒரு மணி என்று சொன்னேன். எங்கள் குழு மேடையேறும் நேரம் மூன்று மணி.

இதைப் பொய் என்று ஒஸ்லோவில் எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ஐந்து மணி விழாவுக்கு எங்கள் ஆட்கள் ஆறரைக்கு வந்து, "இன்னும் விளக்குக் கொளுத்தேல்லையோ?" என்று மண்டப வாசலிலேயே விசாரித்து, இல்லையென்றால் திரும்பவும் காருக்குள் போய் இருந்துவிடுவார்கள். அழைக்கிறவர்களும் அதை யோசித்தே அட்டையில் நேரம் போடுவார்கள். அப்பா இதில் கைதேர்ந்தவர். இத்தனைக்கும் அவர் பஸ் சாரதி. இருபத்திரண்டு வருடங்களில் வேலைக்கு ஒரு நிமிடம் பிந்தியதில்லை. கோயில், கலியாணம், சாமத்தியவீடு என்றால் மட்டும் அவருடைய கைக்கடிகாரம் வேறொரு நாட்டு நேரத்தைக் காட்டத் தொடங்கும்.

மகன் வாசிக்கிற கச்சேரியை அவர் எந்த வகையில் சேர்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு மணித்தியாலத்தை முற்பணமாகப் போட்டு வைத்தேன்.

நான் அவ்வளவு அந்தரப்பட்டதற்குக் காரணம் உண்டு. நான் வாசிப்பது பேஸ் கிட்டார். அதை மேடையில் யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். முதன்முதலில் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அம்மா நான்கு கம்பிகளையும் எண்ணிவிட்டு, மற்ற இரண்டும் எங்கே, அறுந்த சாமானை யார் உன் தலையில் கட்டினது என்று கேட்டார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் அனுப்பிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும், "நல்லாயிருக்கு. இதிலை நீ எது?" என்பார். கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது. மூன்று வருடங்களாக என் அப்பாவுக்கு நான் கேட்கவேயில்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம், வரியோ வங்கியோ, நான்தான் பிரித்து வாசித்துச் சொல்வேன். நான் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னால் அப்பா மறுபடி கேட்கமாட்டார். விழா நிகழ்ச்சிநிரலையும் அப்படித்தான் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பாராமல், "ஒரு மணி" என்று வாசித்தேன்.

விழா ரொம்சோஸுக்குக் கிட்ட ஒரு புல்வெளியில் நடந்தது. சுற்றுவட்டாரத்துப் புளூஸ், சோல் குழுக்கள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற இடம். ஐந்து வாரக் கோடை விடுமுறையும் மலையில் மரவீடும் உள்ளவர்கள் தோல் மேலங்கி அணிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தங்களிடம் ஒன்றுமே இல்லை என்று உருகுவார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். புளூஸைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் நூலகப் புத்தகங்களில் படித்து, புளூஸ் பாட்டு சுற்றிச் சுற்றி வரும் பன்னிரண்டு தாள அளவுகளுக்கும் கொப்பியில் கட்டம் போட்டவன். எங்கள் பாடகி, குழந்தைகள் காப்பகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அறுபத்துமூன்று வயதுப் பெண்மணி, அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "நீ துக்கப்படுவதற்கும் சான்றிதழ் எடுப்பாய் போலிருக்கிறது" என்றார். கிட்டார் வாசிப்பவர் பல் வைத்தியர். மரத்துப்போகும்வரை விடமாட்டார்.

எங்கள் கடைசிப் பாட்டு பாடகி எழுதியது. அவர் நாற்பது வருடங்களாகக் குடியிருக்கும் அடுக்குமாடியில் பொதுச் சலவையறை ஒன்று உண்டு. அவர் பெயர் எழுதி வைத்த நேரத்தில் வேறு யாரோ உடுப்புத் தோய்க்கிறார்கள். அந்தத் துரோகத்தைப் பற்றிய மெதுவான புளூஸ் அது. நடுவில் எல்லோரும் நிறுத்துவார்கள். பன்னிரண்டு அளவுகளுக்கு நான் மட்டும் வாசிப்பேன், சலவை இயந்திரம் பிழிந்து சுற்றுகிறமாதிரி. நாற்பது நிமிடங்களில் பேஸ் தனியாகக் கேட்பது அந்த ஒரே இடத்தில்தான். அதை அப்பா கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்பா ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார்.

கோட்டும் சூட்டும், ஈரப்புல்லில் மினுங்கும் சப்பாத்து, தேர்த்திருவிழாவுக்குக் கொண்டுபோகும் மடிப்புக் கதிரை, ஒரு கடைப்பை. அம்மாவுக்கு அன்றைக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆனாலும் நாற்பது ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டிருந்தார். அப்பா முன்வரிசையின் நட்டநடுவில் கதிரையை விரித்து உட்கார்ந்தார். நான் ஓடிப்போனேன்.

"எத்தினை மணிக்குத் தம்பி உங்கடை?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பிந்துது அப்பா."

"அப்ப இவையும் எங்களைப் போலத்தான்," என்று மிகவும் திருப்திப்பட்டார்.

அந்த விழாவில் எந்தக் குழுவும் அரை நிமிடம்கூடப் பிந்தவில்லை. ஒரு தேசத்தின் மானத்தை நான்தான் வாங்கினேன்.

அப்பா அடுத்தடுத்து இரண்டு குழுக்களைக் கேட்டார். மேடையில் சாமான் தூக்குகிறவர்களுக்கு ரோல்ஸ் கொடுத்தார். "ஏன் தம்பி எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கினம்? எங்கையும் நோகுதோ?" என்று அக்கறையாக விசாரித்தார். நோகிறதுமாதிரித்தான் வாசிக்க வேண்டும் என்று விளக்கினேன். தலையாட்டினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சொன்னார்.

"நான் ரெண்டேமுக்காலுக்கு வெளிக்கிடோணும். நீ ஒரு மணி எண்டதாலை காலமை வேலை வக்ட்டைப் பின்னேரத்துக்கு மாத்திப்போட்டன். மூண்டேகாலுக்கு ட்வெய்ட்டாவிலை பஸ் எடுக்கோணும்."

காலை வேலை ஒன்றரைக்கு முடிகிறது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வேலையை மாற்றாமலே, வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வந்திருப்பார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிகழ்ச்சிக்கு நேரத்துக்கு வந்த மனிதரை, அதே காரணத்தால் நிகழ்ச்சிக்கு முன்னரே அனுப்பிவைக்கிறேன். யாரையாவது கேட்டு வேலையைத் திரும்ப மாற்ற முடியாதா என்றேன். சனிக்கிழமை ஒருவரும் போன் எடுக்கமாட்டார்கள் என்றார்.

மேடைக்குப் பின்னால் போய்ப் பாடகியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துச் சிரித்து ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். பல் வைத்தியரோ சலவைப்பாட்டை முதலில் வைத்தாலும் மூன்று மணிதானே என்றார். அதுவும் சரிதான். அப்போதுதான் பாடகி, "சவுண்ட் செக் இருக்கிறதே," என்றார்.

ஒவ்வொரு குழுவும் தொடங்கும் முன் சவுண்ட் பார்க்கிறவர் வாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். முதலில் மேளம், பிறகு பேஸ். ஆளுக்குப் பத்து விநாடி. டும் டும் என்று இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு விட வேண்டும். அந்த நேரம் சனம் பொல்ஸ என்கிற சொசேஜ் வாங்க வரிசையில் நிற்கும். யாரும் மேடையைப் பார்ப்பதில்லை.

இரண்டு முப்பத்தெட்டுக்கு, புல்வெளியின் நடுவில் கூடாரத்துக்குள் இருந்த சவுண்ட்காரர் கையை உயர்த்தினார். "பேஸ், தனியாக."

நான் வாசிக்கத் தொடங்கினேன். பத்து விநாடியில் அவர் நன்றி என்றார். நான் நிறுத்தவில்லை. மறுபடி நன்றி என்றார், கொஞ்சம் அழுத்தமாக. ஐந்தாவது அளவுக்கு வந்திருந்தேன். பாடகி மைக்கில், அவனை விடு, தகப்பன் வந்திருக்கிறார் என்று சொன்னார். பொல்ஸ வரிசை திரும்பிப் பார்த்தது. அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கேட்டார். பன்னிரண்டும் முடிந்தது. அந்த வெளியில் ஒரே ஒருவர் கைதட்டினார்.

பிறகு கடைப்பைக்குள் கைவிட்டுப் பொன்னாடையை எடுத்தார்.

எங்கள் காரின் டிக்கியில் பனி தட்டும் தூரிகைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பொன்னாடை கிடக்கும். விழாக்களில் நமக்குப் போர்த்தியதை நாம் இன்னொருவருக்குப் போர்த்துவோம்; அவர் வேறொருவருக்குப் போர்த்துவார். இதன் ஓரத்தில் தேநீர்க் கறை ஒன்று உண்டு. ஸ்தொவ்னர், லோரன்ஸ்கூக் எல்லாம் சுற்றிவிட்டு இரண்டு முறை எங்களிடமே திரும்பி வந்ததை அம்மா அந்தக் கறையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

எனக்குத்தான் போர்த்தப்போகிறார் என்று பயந்து, பேஸைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டேன். அப்பா மேடைப்பக்கமே வரவில்லை. நேராகக் கூடாரத்துக்குப் போனார். அங்கே தாடிவைத்த சவுண்ட்காரர் மேசைக்குப் பின்னால், தண்ணீர்ப் போத்தலோடு, நடுநாயகமாக இருந்தார். அவர் கையைக் காட்டினால் எல்லோரும் வாசிக்கிறார்கள். கையை மடித்தால் நிறுத்துகிறார்கள். இப்படிப்பட்டவர் பிரதம விருந்தினர் அல்லாமல் வேறு யார்? அப்பா விரித்த பொன்னாடையோடு முன்னால் போய் நிற்க, அந்த மனிதர் தன்னைக் கைதுசெய்யப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்றார். அப்பா போர்த்தினார். கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா கொடுத்துவிட்டதில் மிஞ்சிய ரோல்ஸ் எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

புறப்படும்போது என்னிடம் வந்தார். "இப்ப விளங்குது," என்றார். "பழைய டீசல் பஸ் தரிப்பிலை நிண்டு உறுமேக்கை சீற்றுக்குக் கீழாலை வாற சத்தம். இப்பத்தைய கரண்ட் பஸ்ஸிலை அது இல்லை." பாடகியிடம் இதை மொழிபெயர்த்தேன். அது சலவை இயந்திரம் என்று அவருக்குச் சொல்லிப்பார் என்றார். அப்பா அதற்குள் காருக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு உண்மையான நிகழ்ச்சி. சவுண்ட்காரர் பொன்னாடையைக் கழற்றவில்லை. ரோல்ஸ் கடித்துக்கொண்டே பேஸை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிவிட்டார். பல் வைத்தியரின் கிட்டார் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. அதற்குப் பழிவாங்க அவர் தன்னுடைய தனி வாசிப்பை இழுத்துக்கொண்டே போனார். அதனால் சலவைப்பாட்டுக்கு வரும்போது மேடை பார்க்கிற பெண் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு நிமிடம்தான் மிச்சம் என்று. என் பன்னிரண்டு அளவுகளையும் யாரோ துரத்துகிறமாதிரி ஓடி முடித்தேன். சனம் கைதட்டியது.

மறுநாள் மத்தியானம். மீன்குழம்பு. அப்பா சோற்றைக் குழைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டாந்தரம் வாசிக்கேக்கை ஏன் அவசரப்பட்டனீ?"

அதை எங்கே கேட்டீர்கள் என்றேன். புல்வெளிக்குக் கீழேதான் அவருடைய கடைசித் தரிப்பாம். பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினால் நான்கு நிமிடம் நிற்க வேண்டுமாம். கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டாராம். குளிருகிறது, மூடுங்கள் என்று ஒரு கிழவி கேட்டதற்குக் கதவு பழுது என்று சொன்னாராம்.

"நேரம் முடிஞ்சுது எண்டு விரலைக் காட்டிப்போட்டினம் அப்பா," என்றேன்.

"எனக்கும் பின்னாலை ஒரு பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிண்டது. நான் அவசரப்பட்டனானோ?"

அப்படியென்றால் மூன்று மணி என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். மிளகாய் கடித்துவிட்டதுபோல என் காது சுட்டது.

"வந்தவுடனை. வாசல்லை கதவளவு பேப்பர் ஒட்டிக் கிடந்தது. உங்கடை குழுவின்ரை பேரும் பதினைஞ்சு மணியும். ஏன், இந்த வீட்டிலை நீ மட்டும்தான் வாசிப்பாய் எண்டு நினைச்சியோ?"

அம்மா எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். அனுதாபமா தண்டனையா என்று தெரியவில்லை. முள் நிறைந்த வால்துண்டு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். முதலில் முள்ளைப் பார்த்துச் சாப்பிடு என்றார் அப்பா.

இலையுதிர் காலத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு சின்ன மண்டபத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குச் சொன்னேன். "பேப்பரிலை கிடக்கிற நேரமோ, எனக்கெண்டு வைச்ச நேரமோ?" என்று கேட்டார். நிகழ்ச்சிநிரலை அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். ஆறு மணி.

ஆறே முக்காலுக்கு வந்தார். வாசலில் நின்று, இன்னும் தொடங்கவில்லையா என்று கேட்டாராம். நாங்கள் அப்போது ஒன்பதாவது பாட்டில் இருந்தோம். பாடகி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சலவைப்பாட்டைக் கடைசியில்தான் வைத்திருந்தோம்.