கூட்டுத்தொகை எட்டு

என் மகன் குமாரின் சாவுக்கு நான் போட்ட ஒரு கூட்டல்தான் காரணம். ஆவடியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

புது வண்டி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வானகரத்தில் பழைய வண்டி விற்பவரிடம் எங்கள் விலைக்குள் இரண்டு சிறிய டீசல் எஸ்யூவிகள் இருந்தன. ஓட்டிப் பார்த்ததும் குமாருக்கு வெள்ளை வண்டி பிடித்துவிட்டது. நான் அதன் எண்ணைக் கூட்டினேன். எட்டு வந்தது.

"எட்டு சனியோட நம்பர்டா. சிவப்பை எடு, கூட்டினா ஒன்பது."

"அப்பா, அதுல சேத்து நாத்தம் அடிக்குது. வெள்ளத்துல முழுகுன வண்டிப்பா. இன்ஜினியர் நீயே ஜோசியம் பாத்தா எப்படி?" என்று சிரித்தான்.

"பெருசு சொல்றத கேளு மச்சான், நம்பர் சோக்கா கீது" என்றார் விற்பவர்.

அந்த நாற்றம் எனக்கும் தெரிந்தது. இருந்தும், "பணம் என்னோடது" என்றேன். குமாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில், புறவழிச்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்த சிவப்பு வண்டியின் இன்ஜின் திடீரென்று நின்றது. பின்னால் வந்த லாரி மோதியது. உள்ளே வயர்களின் இணைப்பெல்லாம் துருப்பிடித்துக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அந்த வெள்ளை வண்டியை அம்பத்தூரில் இப்போதும் பார்க்கிறேன். யாரோ ஒருவர் தன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் என்னை அறியாமல் அதன் எண்ணைக் கூட்டுகிறேன். எட்டுதான் வருகிறது.